முருகனுக்கு வேறு ஆள் இல்லை

எங்கள் நடன வகுப்பில் புதுவருட இலக்குச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. ஜனவரியில் முதல் வகுப்பன்று ஒவ்வொருவராக முன்னால் போய் அரைமண்டியில் அமர வேண்டும். முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நேரே நிற்க, பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருக்கிற நிலை அது. அப்படி இருந்துகொண்டுதான் இந்த வருடம் நடனத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, ரீச்சர் "சரி" என்கிற வரைக்கும் எழும்பக் கூடாது.

"நிண்டுகொண்டு ஆரும் என்னவும் சொல்லலாம். தொடை நடுங்கக்குள்ள பொய் வராது" என்பார் ரீச்சர்.

என்ன கதை! பொய்தான் வந்தது, வரிசையாக வந்தது. நீட்டிச் சொன்னால் தொடை எரியும் என்பதால் எல்லோரும் இரண்டு சொல்லில் முடிக்கப் பழகியிருந்தோம். "கண்ணசைவு திருத்துவன்." "போன் குறைப்பன்." "மெலியுவன்." மெலியுவன் என்ற பிள்ளை வருடா வருடம் அதையே சொல்லிவிட்டு, வருடா வருடம் வகுப்பு முடிந்த கையோடு கீழே கடையில் ரோல்ஸ் வாங்கித் தின்றாள். ரீச்சர் இலக்கைக் கேட்டாரா, முழங்காலைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். "விரி, இன்னும் விரி" என்பதுதான் அவர் தந்த ஒரே வாழ்த்து.

நான் சொன்னது எப்போதும் ஒன்றுதான். "கால் பலமாக்குவன்." என் காலுக்கு அதற்கு மேல் பலம் தேவையே இல்லை. நான் ஓங்கித் தட்டினால் அந்த மேல்மாடிப் பலகை அதிரும். கீழ்வீட்டு ஐயா கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்துப் பதில் சொல்வார். உண்மையில் எனக்கு ஒரு இலக்கு இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டு வயதில் வகுப்பில் சேர்ந்தேன். பத்து வயதில் திடீரென்று வளர்ந்தேன். அன்றிலிருந்து நான் ஆம்பிளை. வகுப்பில் முழுக்கப் பெண்பிள்ளைகள்; ஆண் வேடத்துக்கு யாராவது வேண்டும்; தோள் அகலமாக, மற்றவர்களை விட ஒரு தலை உயரமாக நான் கண்ணுக்கு முன்னால் நின்றேன். மீனவர் நடனத்தில் வலை வீசுகிறவன் நான். உழவர் நடனத்தில் மண்வெட்டி பிடிக்கிறவன் நான். அரசன் நான், வேடன் நான், கடைசியில் முருகனும் நானே. அறிவிப்பாளர் ஒருமுறை மேடையில் "இந்தத் தம்பி எந்தப் பாடசாலை?" என்று கேட்டுவிட்டார். சனம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கீச்சிட்டது.

பகிடி என்றால் பகிடிதான், ஒரு நாளைக்கு. எட்டு வருடம் தொடர்ந்தால் அதற்குப் பெயர் வேறு. ரியூஷனில் பொடியன்கள் என்னைக் கண்டதும் "என்ன மச்சான், கையில வேலக் காணல்ல?" என்பார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த என் படங்கள் எல்லாவற்றிலும் வேட்டியும் முறைப்பும்தான். அக்கம்பக்கத்தில் கல்யாணம், பூப்புனித விழா என்று போனால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து "வடிவா இருக்காய்" என்கிற பெண்கள் என்னைப் பார்த்து "நல்ல கம்பீரம்" என்றார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுகிற கதையா அது? சிரித்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விடயமில்லை. ஒரே ஒரு தடவை மேடையில் பெண்ணாக ஆட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஜனவரியில் எனக்குப் பதினெட்டு. வருடக் கடைசியில் ஏ.எல். சோதனை, அதோடு வகுப்பும் முடிந்துவிடும். மழை விடாமல் பெய்து வாவித் தண்ணீர் வீதிக்கு வந்துவிட்டிருந்தது. புளியந்தீவுக்குள் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். என்ன ஆனாலும் இன்றைக்குச் சொல்வது என்று வழியெல்லாம் எனக்கே நான் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லாவிட்டால் இனி ஒரு ஜனவரி இல்லை.

என் முறை வந்தது. முன்னால் போய் அமர்ந்தேன்.

"இந்த வருசம் நான் பொம்பிளையா ஆடுவன், ரீச்சர்."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள், அது எல்லோருக்கும் பரவியது. ரீச்சர் சிரிக்கவில்லை. "சரி" என்றும் சொல்லவில்லை. நான் அமர்ந்தபடியே இருந்தேன்.

"அப்ப முருகன் ஆரு?"

"தெரியா, ரீச்சர்."

"சித்திரைக்கு களுவாஞ்சிக்குடியில கேட்டிருக்காங்க. முருகனும் வள்ளியும்தான் வேணுமாம். நீ வள்ளி எண்டா முருகன் ஆரு? யோசிச்சியா?"

தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. எழும்ப முடியாது, ரீச்சர் விடவில்லை. முன்னால் இருபது சோடிக் கண்கள். இதற்கா இந்த மழையில் வந்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. முருகனுக்கு ஆள் பிடிப்பதும் என் வேலையா? வள்ளி கேட்கிறவள் முருகனையும் கையோடு கொண்டுவர வேண்டுமா?

"நான் ஆடுறன் ரீச்சர்!"

எல்லோரும் திரும்பினார்கள். வகுப்பின் கடைக்குட்டி, பன்னிரண்டு வயது, கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. உருண்டையான முகம், கட்டையான கால், ஒரு பயமும் கிடையாது. உயரம் என் தோளுக்கும் கீழே.

"நீயா முருகன்?"

"முருகன் சின்னப் பிள்ளைதானே ரீச்சர்?"

இந்த முறை ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி. சித்திரைக்குள்ள நீ இவள முருகனாக்கு. ஆக்கினா நீ வள்ளி. இல்லாட்டி பழையபடிதான்."

அப்போதுதான் என்னை எழும்பவிட்டார். நான் எழும்பவில்லை, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையே காத்தான்குடிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். துணிக்கடையில் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று மேசை நிறைய இறக்க வைத்து ஒவ்வொன்றையும் என் கழுத்தடியில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் "மகளுக்குக் கலியாணமா?" என்று கேட்டார். "இல்ல, இது டான்சுக்கு" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை. இத்தனை வருடமாக என் வேட்டிகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கிறது, வாய் திறந்து சொல்லவில்லை. அரக்குப் பார்டர் போட்ட பச்சையை எடுத்தோம்.

அப்பாதான் முகம் சுருங்கினார்.

"ஏன் மகள்? முருகன் நல்லாத்தானே இருக்கு?"

அவருடைய கதை எனக்குத் தெரியும். அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவர். அங்கே கூத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இளந்தாரியாக இருந்தபோது மெலிந்த உடம்பு என்று அப்பாவைப் பிடித்துப் பெண் வேடம் கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு கூத்து. விடியும்வரை ஆடிவிட்டு வேடத்தைக் கழற்றினார். ஊர் கழற்றவில்லை. அன்றிலிருந்து அவருக்கு "தங்கச்சி" என்று பட்டம். இப்போது லொறி ஓட்டுகிற, தொப்பை விழுந்த, மீசை நரைத்த மனுசன். வட்டைப் பக்கம் நெல் ஏற்றப் போனால் வரம்பில் நிற்கிறவன் இன்றைக்கும் "தங்கச்சி, லொறிய இஞ்சால எடு" என்கிறான். அப்பா சிரித்துக்கொண்டே லொறியை எடுப்பார். அந்தச் சிரிப்பு என்னுடைய சிரிப்பு மாதிரித்தான் இருக்கும்.

நான் முருகனாக ஆடத் தொடங்கிய பிறகு அப்பா அந்த ஆட்களையெல்லாம் என் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிவந்தார். "பாருங்கடா என்ட மகளை" என்று முன்வரிசையில் இருத்தினார். அவர்கள் "தங்கச்சிக்குப் பொறந்தது சிங்கமடா" என்றால் அவருக்கு அதைவிட ஒன்றும் வேண்டாம். என் முறைப்பிலும் என் கால் தட்டிலும் அவர் தன்னுடைய பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அதை நான் எப்படிப் பறிப்பது? பறிக்காமல் நான் எப்படி இருப்பது? யாருடைய ஆசைக்கும் குறுக்கே போகாமல் ஒரு ஆசையாவது வைக்க இந்த வீட்டில் இடமிருக்கிறதா என்று நினைத்தேன்.

"ஒருக்காத்தானே அப்பா" என்றேன்.

"ம்" என்றார்.

பயிற்சி தொடங்கியது. சின்னவளை முருகனாக்குவது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்து என்றால் நிமிர்த்தினாள். தாடையைத் தூக்கு என்றால் தூக்கினாள். நான் ஒருமுறை நடந்து காட்டினேன், அவள் அதே நடையை அளவு சுருக்கித் தந்தாள். வேல் பிடித்து நின்றால் உண்மையாகவே ஒரு குட்டி முருகன். என் உயரத்துக்கு வழியாக, வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் இருக்கிற காட்சியை ரீச்சர் நீட்டினார். நான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பேன், முருகன் நின்று பார்ப்பான். கடைசியில் எழும்பும்போது கொஞ்சம் முழங்கால் மடித்து நின்றால் சரி.

கஷ்டப்பட்டது நான்தான். வள்ளி என் உடம்பில் ஏறவே மாட்டேன் என்றாள். இத்தனை வருடமாக எனக்கு வள்ளியாக ஆடியவள் என் சோடி. சின்ன உருவம், பெரிய கண். "எனக்கு அலுத்துப் போச்சுகா, நீ எடு" என்று சந்தோசமாகத் தந்துவிட்டு, ஒவ்வொரு அசைவாகச் சொல்லியும் தந்தாள். குருவி விரட்டுவது வந்தது. பூக்கொய்வது வந்தது. வெட்கம் வரவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, பிறகு கடைக்கண்ணால் மெல்ல உயர்த்த வேண்டும். நான் உயர்த்தினால் யாரையோ அடிக்கப் போவது போல் இருந்தது.

"வள்ளி தினைக்குக் காவல் இருக்கிறாள் புள்ள, பொலிசில இருக்கல்ல" என்றார் ரீச்சர்.

வகுப்பு உருண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. இனி மாறவே முடியாதோ? வேடம் போட்டுப் போட்டு எலும்பு அப்படியே இறுகிவிட்டதோ? குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நின்று பழகினேன். சோதனைக்குப் படிக்க வேண்டிய நேரத்தை எல்லாம் வெட்கப்படப் பழகுவதில் செலவழித்தேன். பௌதிகவியல் புத்தகம் மேசையில் திறந்தபடி கிடக்கும், நான் யன்னல் கண்ணாடியைப் பார்த்து இமையைத் தாழ்த்திக்கொண்டிருப்பேன்.

ஒரு இடம் மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. கடைசியில் முருகன் வள்ளியின் கையைப் பிடிக்கிற இடம். இத்தனை வருடம் கையைப் பிடித்தவள் நான். எட்டிப் பிடிக்க வேண்டும், உறுதியாகப் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கையை நீட்டாமல், சும்மா விட்டுவிட்டு, யாரோ வந்து பிடிக்கட்டும் என்று நிற்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னவள் முதல்முறை வந்து என் கையைப் பிடித்தபோது உடம்பெல்லாம் கூசியது. தோள் தானாக இறங்கியது. "ஆ, அதுதான்!" என்று கத்தினார் ரீச்சர். அந்த ஒரு இடத்தை நம்பித்தான் மீதியை ஆடிப் பழகினேன்.

சித்திரை வருடம் பிறந்து, தலையில் மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்கி, அதே கிழமையில் நிகழ்ச்சியும் வந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு மைதானத்தில் மேடை. பக்கத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பறை எங்களுக்கு உடை மாற்ற. பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை ஒதுக்கிவிட்டு, கரும்பலகையில் கண்ணாடியைச் சாத்தி வைத்து, அம்மாவே எனக்கு உடுத்திவிட்டார். பச்சைச் சேலை, அரக்குப் பார்டர், நெற்றிச்சுட்டி, சடைநாகம், கனகாம்பரம். கண்ணுக்கு மை எழுதி முடித்து அம்மா தள்ளி நின்று பார்த்தார். விரலால் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெரித்தார். கண்ணாடியில் பார்த்தேன். நான்தான். வடிவாக இருந்தேன். என் வாயால் நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்லாத காலத்தில் நானாவது சொல்ல வேண்டும்: நான் அன்றைக்கு அவ்வளவு வடிவாக இருந்தேன்.

சின்னவளைக் காணவில்லை. அவளுடைய வீட்டார் ஓட்டோவில் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார்கள். ரீச்சர் போனை எடுத்துக்கொண்டு விறாந்தையில் நடந்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"அவள் பெரிய பிள்ளையாகிட்டாளாம்."

அறையில் இருந்த அம்மாமார் எல்லோரும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள். அதில் சந்தோசம்தான் கூட. எந்த நேரமாம், எத்தனை மணிக்காம், என்ன நட்சத்திரமாம் என்று விசாரணை தொடங்கிவிட்டது. தண்ணீர் வார்த்துத் துடக்குக் கழியும்வரை அவள் அறையை விட்டு வெளியே வர மாட்டாள். ஆண் முகம் பார்க்கக் கூடாதவள் மேடையில் ஆணாக எப்படி ஆடுவாள்? இது யாரும் வாதாடுகிற விடயமே இல்லை.

ரீச்சர் என்னிடம் வந்தார்.

"புள்ள."

"இல்ல ரீச்சர்."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கல்லையே."

"நீங்க என்ன கேக்கப் போறீங்க எண்டு எனக்குத் தெரியும். நான் கழட்ட மாட்டன்."

"அப்ப என்ன செய்யிற?"

"நான் தனிய ஆடுறன். வர்ணத்தில நாயகன் மேடைக்கு வாறாரா? நாங்க தனியத்தானே அவர நினைச்சு ஆடுறம்? இதையும் அப்பிடி ஆடுறன். ஆள் வேணாம்."

எனக்கே வியப்பு, அவ்வளவு கோர்வையாகப் பேசினேன். ரீச்சர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும். பிறகு தலையை ஆட்டினார்.

"கலியாணம் எண்டு நிகழ்ச்சி நிரல்ல அடிச்சிருக்காங்க. மாப்பிள்ளை இல்லாத கலியாணத்த ஆரு பாக்கிற? முருகனுக்கு வேற ஆள் இல்ல புள்ள. வள்ளிக்கு இருக்கு."

வள்ளிக்கு இருந்தது. என் சோடி வேறு ஒரு குழு நடனத்துக்காக வந்திருந்தாள். மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் கேக்கல்லகா. சத்தியமா நான் கேக்கல்ல" என்றாள். பாவம், அவளுடைய பெரிய கண் நிறையத் தண்ணீர். நான் அம்மாவைப் பார்த்தேன். மாட்டாள், என் பிள்ளை கழற்ற மாட்டாள் என்று அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் அப்படியே வெளியே நடந்திருப்பேன். அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டு சேலையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

என் சேலையைச் சோடிக்கு உடுத்தினார்கள். அவளுக்குப் பெரிது, இடுப்பில் மடித்து மடித்து ஊசி குத்தினார்கள். என் தலையில் இருந்த பூவை எடுத்து அவள் தலையில் வைத்தார்கள். சின்னவளுக்குத் தைத்த வேட்டி எனக்குக் காணாது. யாரோ ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு பட்டுவேட்டி வாங்கிவந்தார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். உடுத்துகிறவர்கள் கையைத் தூக்கு என்றால் தூக்கினேன், திரும்பு என்றால் திரும்பினேன்.

ஆடினேன். கோபத்தில் ஆடினேன். தட்டிய ஒவ்வொரு தட்டும் யாரையோ மிதித்த தட்டு. அதுதான் வந்த வினை: அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் ஆடியதில்லை. சனம் விசிலடித்தது. முன்வரிசையில் அப்பா, அவருடைய ஊர் ஆட்களோடு. நான் வள்ளியாக வருவேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தவர், முருகனாக வந்ததைக் கண்டதும் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று கைதட்டினார். முகமெல்லாம் வெளிச்சம். அவரோடு கோபிக்கக் கூட எனக்கு வழியில்லை. கடைசியில் எட்டி, உறுதியாக, இழுக்காமல், என் சோடியின் கையைப் பிடித்தேன். அவள் தோள் அழகாக இறங்கியது. பிரதம விருந்தினர் தன் பேச்சில் முருகனைத் தனியாகப் பாராட்டினார். வான் வண்டியில் வீடு திரும்பும்போது எல்லோரும் அதையே கதைத்தார்கள். நான் யன்னல் பக்கம் தலையை வைத்து நித்திரை போல் கிடந்தேன்.

மறுநாள் பின்னேரம் சின்னவளைப் பார்க்கப் போனேன். அவள் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது, மறைக்கவில்லை. அவள் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரியாதா? தெரியும். தெரிந்தும் எரிந்தது. புறப்படும்போது அம்மா, "பாத்திட்டு வா. தொட்டிராத, தொட்டா வந்து முழுகவேணும்" என்றார்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் தகப்பனும் மாமன்மாரும் சடங்குக்குப் பந்தல் போட அளந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு அறை, யன்னல் சாத்தி, திரை இழுத்து. பாயில் சின்னவள் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் பச்சை முட்டை குடித்த கோப்பை, நல்லெண்ணெய் மணம். என்னைக் கண்டதும் முகம் கோணியது.

"அக்கா, நான் ஒளிச்சு வச்சனான்."

"என்னத்த?"

"காலையிலயே எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஆடி முடிச்சிட்டு வந்து சொல்லுவம் எண்டு சட்டைய சுருட்டி அலுமாரிக்குப் பின்னால போட்டன். அம்மா அறை கூட்டக்குள்ள கண்டுட்டா." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வயித்துக்குள்ள நோவு கூட இல்ல அக்கா. வடிவா ஆடியிருப்பன். நீங்க வள்ளி ஆடவேணும் எண்டுதான் ஒளிச்சனான்."

என் எரிச்சல் எங்கே போனது என்றே தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதன் உடம்பில் முதன்முதலாக அப்படி ஒன்று நடக்கிறது, பயந்து அம்மாவிடம் ஓடாமல், என் வள்ளிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. என் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவரும் எனக்காக அவ்வளவு செய்யவில்லை. நான் வாசலடியில் நின்றபடி அழுதுவிட்டேன்.

"அழாதீங்க அக்கா. எனக்கும் அழுகை வருகுது."

நான் கதவைச் சாத்தினேன். தோளில் கிடந்த தாவணியை எடுத்து இடுப்பில் இறுக்கினேன்.

"பாட்டுத் தெரியுந்தானே உனக்கு? மெல்லமாப் பாடு. வெளிய முத்தத்தில ஆக்கள்."

அவள் கண் விரிந்தது. பிறகு சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு, கிசுகிசுப்பாகப் பாடத் தொடங்கினாள். நான் ஆடினேன். கால் தட்ட முடியாது, சத்தம் கேட்கும். பாதத்தை மெல்ல மெல்ல வைத்தேன். குருவி விரட்டினேன். பூக்கொய்தேன். அவள் இருந்த இடத்திலேயே தாடையைத் தூக்கி முருகனாகப் பார்த்தாள். நான் தலையைச் சாய்த்துக் கண்ணை உயர்த்தினேன்.

"பொலிஸ்" என்றாள் சின்னவள்.

வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தோம். திரும்பவும் தொடங்கினேன். இந்த முறை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. நன்றாக வந்ததா என்று எனக்குத் தெரியாது, அவள் ஒன்றும் சொல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். கடைசி இடம் வந்தது. நான் கையை நீட்டாமல், சும்மா விட்டபடி நின்றேன்.

பாட்டு நின்றுவிட்டது. அவள் பாயில் முழங்காலில் எழும்பி, கையைப் பாதி தூக்கியிருந்தாள்.

"தொடக் கூடாது அக்கா. துடக்கு."

"பிடி."

"நீங்க முழுகவேணும்."

"முழுகுவன். பிடி."

பிடித்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, உறுதியாக, இழுக்காமல். அவளுடைய கை நல்லெண்ணெய் பிசுக்கோடு சூடாக இருந்தது. வெளியே மாமன்மார் பந்தல்கால் நட நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குத்தி முடிக்கும்வரை அப்படியே நின்றோம்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வாசலில் மறித்தார்.

"தொட்டியா?"

"ஓம்" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிணற்றடிக்கு நடந்தார்.